விரலும் அண்ணமும்

கட்டைவிரல் வாய்க்குள் போவது பிறப்புக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கர்ப்பத்தின் பதினைந்தாவது வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில், சாம்பல் நிறத் திரையில் அசையும் சிறிய உருவம் கையை முகத்தருகே கொண்டுபோவதும், விரல் உதடுகளுக்கு நடுவே போய் நிற்பதும் தெரியும். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஹெப்பரும் அவருடைய குழுவினரும், கருவிலிருக்கும் குழந்தை எந்தக் கையின் விரலைச் சூப்புகிறது என்று குறித்துவைத்தார்கள். அதே குழந்தைகளைப் பத்துப் பன்னிரண்டு வயதில் மீண்டும் பார்த்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். வலக்கை விரலைச் சூப்பிய 60 பேரும் வலக்கைப் பழக்கத்தோடு வளர்ந்திருந்தார்கள். இடக்கை விரலைச் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கைக்காரர்கள். சில குழந்தைகள் மணிக்கட்டிலோ முன்கையிலோ ஒரு கொப்புளத்தோடு பிறப்பதுண்டு. கிருமித் தொற்றோ என்று மருத்துவர் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே குழந்தை அதே இடத்தை வாயில் வைத்துச் சூப்பிக் காட்டிவிடும். கருவில் இந்தச் சூப்பல் நடப்பது தொப்புள்கொடி வழியே எல்லாம் வந்துகொண்டிருக்கும் காலத்தில்; பசி என்று ஒன்று இருப்பதே அந்த உடலுக்குத் தெரியாது. பிறகு வீட்டில் ‘கெட்ட பழக்கம்’ என்று பேரெடுக்கப்போகிற இந்தச் செயலுக்கு, அந்தக் குழந்தைக்கு வைக்கப்போகிற பெயரைவிட வயது அதிகம். இந்த மூப்பு தெரிந்தபின் அதைத் திட்டுவதில் ஒரு சங்கடம் வந்து சேர்கிறது. அதன் விளைவுகளை மறுக்கவும் முடியாது என்பதால் சங்கடம் எளிதில் தீர்வதில்லை.

பிறந்த குழந்தையின் கன்னத்தைத் தொட்டால் முகம் அந்தப் பக்கம் திரும்புகிறது. உதட்டைத் தொட்டால் வாய் சூப்பத் தொடங்குகிறது. சூப்புதல் இரண்டு விதம். பாலுக்காகச் சூப்பும்போது வேகம் குறைவு. நொடிக்கு ஏறத்தாழ ஒருமுறை, நடுநடுவே விழுங்கலும் மூச்சும். வெறும் வாயாகச் சூப்பும்போது நொடிக்கு ஏறத்தாழ இரண்டு. சிறு கொத்துகளாக வந்து, நின்று, மறுபடி தொடங்கும். அருகில் படுத்திருப்பவருக்கு இரண்டின் ஓசையும் வேறுவேறாகக் கேட்கும். குறைமாதக் குழந்தைகளுக்கு மூக்குக் குழாய் வழியே பால் போகும்போது, பால் இல்லாத காம்பு ஒன்றை வாயில் வைக்கும் வழக்கம் தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில் உண்டு. அது அவர்களை அமைதிப்படுத்துகிறது. பால் இல்லாத சூப்பலும் உடலுக்கு ஏதோ ஒன்றைத் தருகிறது என்பதில் ஐயமில்லை. அது என்ன என்பதில்தான் ஒற்றுமை இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் லெவி 1920களின் இறுதியில், பாலருந்தும் நேரம் போதாமல் போன குழந்தையே மீதிச் சூப்பலை விரலில் தீர்த்துக்கொள்கிறது என்றார். பால் வேகமாக இறங்கும் புட்டியில் வளர்த்த நாய்க்குட்டிகள் தங்கள் உடம்பையும் மற்றக் குட்டிகளையும் சூப்பிக்கொண்டிருந்ததையும் பிற்பாடு சான்றாகக் காட்டினார். 1950இல் ஆய்வாளர்கள் ராபர்ட் சியர்ஸும் வைஸும் இதற்கு நேர்மாறாக எழுதினார்கள்: பிறந்தது முதல் கிண்ணத்தில் பால் குடித்த குழந்தைகளிடம் விரல் சூப்புதல் குறைவு, நெடுநாள் சூப்பிப் பால் குடித்துவிட்டுப் பின்னர் நிறுத்தப்பட்டவர்களிடம் அதிகம், சூப்பச் சூப்ப அந்த விருப்பம் வளர்கிறது. முன்னதன்படி விரல் ஒரு பற்றாக்குறை, பின்னதன்படி அது ஒரு தேர்ச்சி. தாய்ப்பால் நீண்ட காலம் குடித்த குழந்தைகளிடம் விரலும் ரப்பர் நிப்பிளும் குறைவாகவே காணப்படுவதாகப் பின்வந்த ஆய்வுகள் பலவும் சொல்வதால் தராசு இப்போது லெவி பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கிறது. ஆனால் ஒரே தாயிடம் ஒரே அளவு பால் குடித்த இரட்டையரில் ஒருவர் மட்டும் விரலைத் தேடினால் எந்தக் கோட்பாடும் உதவிக்கு வராது.

புராணம் இந்த இடத்தில் மருத்துவத்தைவிடத் துணிச்சலாக நடந்துகொண்டிருக்கிறது. யுவனாசுவன் என்ற அரசனின் விலாவைப் பிளந்து வெளிவந்த குழந்தைக்குத் தாய் இல்லை. யாரிடம் பால் குடிக்கும் என்று எல்லாரும் திகைத்து நிற்கையில் இந்திரன் தன் சுட்டுவிரலை அதன் வாயில் வைத்தான் என்கிறது மகாபாரதம். அந்த விரலைச் சூப்பியே வளர்ந்தவன் மாந்தாதா. திருவாலங்காட்டுச் செப்பேடு சோழர் வம்சாவளியில் அவனுக்கும் இடம் தருகிறது. ஊழிவெள்ளத்தில் ஆலிலைமேல் படுத்து, கால் கட்டைவிரலை இரு கைகளாலும் பிடித்து வாயில் வைத்திருக்கும் கண்ணன் தஞ்சாவூர் ஓவியங்களில் பொன்தகடும் கண்ணாடிக் கல்லும் பதித்து வீட்டுக் கூடங்களில் தொங்குகிறான். உலகமெல்லாம் மூழ்கிப்போன பின் தனியே மிதக்கும் ஒருவன் செய்யக்கூடிய செயல் என்று இதைக் கற்பனை செய்தவர்கள் குழந்தைகளை உற்றுப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் படத்தின் கீழேயே பாய் விரித்துப் படுத்திருக்கும் குழந்தையின் கையைப் பிடித்திழுத்து ஓர் அடி வைப்பதும் அதே வீட்டில் நடக்கிறது. இந்திரனின் விரலில் அமுதம் சுரந்தது. மற்ற விரல்களில் எதுவும் சுரப்பதில்லை. சுரக்காத ஒன்றிடம் குழந்தை ஆண்டுக்கணக்கில் ஏமாறாமல் திரும்பித் திரும்பிப் போவதுதான் யோசிக்க வைக்கிறது. மாலையில் விளையாட்டு ஓயும்போது, தாயின் கவனம் வேறெங்கோ இருக்கும்போது, புது ஆள் வீட்டுக்குள் வரும்போது, முக்கியமாகத் தூக்கம் கண்ணிமையில் வந்து உட்காரும்போது விரல் மேலெழுகிறது. மறு கை சும்மா இருப்பதில்லை. காது மடலைத் திருகும், தலைமுடியைச் சுருட்டும், தாயின் பழைய சேலைத் தலைப்பை இரு விரல்களுக்கிடையே உருட்டும். சேலைத் துணியைத் துவைத்துவிட்டால் அழும் குழந்தைகளும் உண்டு, மணம் போய்விடுகிறது.

இதைப் பார்த்துப் பெரியவர்கள் கலவரமடைந்ததற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. தொடக்கத்தில் அதற்கும் பற்களுக்கும் பெரிய சம்பந்தமில்லை. பிராங்க்பர்ட் மருத்துவர் ஹைன்ரிக் ஹோஃப்மன் தன் மூன்று வயது மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக வரைந்து, 1845இல் அச்சிட்ட படக்கதை நூலில், தாயின் சொல்லை மீறி விரல் சூப்பும் சிறுவன் கொன்ராடின் இரண்டு கட்டைவிரல்களையும் தையல்காரன் பெரிய கத்தரிக்கோலால் வெட்டிவிடுகிறான். ஜெர்மன் குழந்தைகள் பல தலைமுறைகளாக அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தார்கள். 1879இல் புடாபெஸ்ட் குழந்தை மருத்துவர் லிண்ட்னர், சூப்பும் குழந்தையின் முகத்தில் தெரியும் லயிப்பை நுணுக்கமாகப் பதிவு செய்தார். 1905இல் ஃப்ராய்ட் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு, குழந்தைப் பருவக் காம உணர்வின் முதல் சான்றாக விரல் சூப்புதலை நிறுத்தினார். ஒரு பக்கம் ஒழுக்கக் கவலை, மறுபக்கம் சுகாதாரக் கவலை. அமெரிக்க அரசின் குழந்தைகள் நல அலுவலகம் 1914இல் வெளியிட்ட ‘இன்ஃபன்ட் கேர்’ கையேடு, சட்டைக் கையை விரல்களுக்கு மேல் இறக்கி ஊக்குப் போட்டு மூடிவிடும்படி தாய்மார்களுக்கு அறிவுறுத்தியது. கை தன் வாயைத் தொடுவதே குற்றம் என்பதுபோன்ற காலம் அது. 1946இல் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் எழுதிய புத்தகம் வந்தபின்தான் கட்டிப்போடாதீர்கள், அந்தச் சூப்பலுக்கு ஏதோ தேவை இருக்கிறது என்ற குரல் பரவலாகக் கேட்டது. தமிழ் வீடுகளில் இந்தக் கோட்பாடுகள் எதுவும் நுழையவில்லை, வேப்பெண்ணெய் நுழைந்தது. வேப்பங்கொழுந்தை அரைத்துப் பூசுவது, கற்றாழைச் சாறு, பாகற்காய்ச் சாறு, விரலில் துணி சுற்றிக் கட்டுவது. சில வீடுகளில் மிளகாயும், அதற்கும் மேலே போய்ச் சூடு வைப்பதாக மிரட்டலும். ‘பள்ளிக்கூடம் போற புள்ள விரல் சூப்பலாமா’ என்ற கேள்வியில் பல்லைவிட மானம்தான் முன்னால் நிற்கிறது.

ஆனால் பல் விஷயத்தில் பெரியவர்களின் கவலைக்கு உண்மையான அடிப்படை உண்டு. கட்டைவிரல் வாய்க்குள் போகும்போது அதன் மெத்தென்ற பக்கம் மேலண்ணத்தில் பதிகிறது. விரலின் முதுகு கீழ் முன்பற்களின்மேல் சாய்கிறது. மேல் முன்பற்கள் வெளிப்பக்கம் தள்ளப்படுகின்றன, கீழ் முன்பற்கள் நாக்கின் பக்கம் சரிகின்றன. இடையில் விரல் இருப்பதால் முன்பற்கள் முளைத்து ஒன்றையொன்று தொடும் அளவுக்கு இறங்க முடிவதில்லை. வாய் சற்றே திறந்திருப்பதால் கடைவாய்ப் பற்களோ தடையின்றி இன்னும் கொஞ்சம் எழுகின்றன. பின்னால் 1 மில்லிமீட்டர் எழுந்தால் முன்னால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இடைவெளி திறக்கிறது. தாடை ஒரு கீலில் ஆடுவதால் வரும் கணக்கு இது. பல்லைக் கடித்துச் சிரிக்கச் சொன்னால் மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே முட்டை வடிவத்தில் இருட்டு தெரியும். எந்தக் கை விரல் என்பதைப் பொறுத்து அந்த இருட்டு இடமோ வலமோ ஒதுங்கியிருக்கும். மேல்தாடை குறுகுவதற்கு, உறிஞ்சும் விசை அண்ணத்தை மேலே இழுத்துவிடுகிறது என்று வெகுநாள் நம்பினார்கள். இப்போது ஏற்கப்படும் விளக்கம் இதைவிட எளிமையானது. சாதாரணமாக நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளிருந்து தாங்க, கன்னத் தசை வெளியிலிருந்து அழுத்த, இரண்டுக்கும் நடுவில் பல்வரிசை தன் இடத்தில் நிற்கிறது. விரல் நுழைந்ததும் நாக்கு கீழே இறங்கிவிடுகிறது. உள்ளே தாங்க ஆளில்லை. வெளியே கன்னமோ சூப்பச் சூப்ப இறுகுகிறது. வாயின் ஓரங்களில் அந்த இறுக்கம் அதிகம் என்பதால் மேல்வரிசை அரைவட்ட வடிவத்தை இழந்து முன்னால் கூராகிறது. குறுகிய மேல்தாடை கீழ்த்தாடையோடு பொருந்தாமல், குழந்தை வாயை மூடும்போது கீழ்த்தாடையைப் பழக்கத்தில் ஒரு பக்கமாக நகர்த்தி மூடக் கற்றுக்கொள்கிறது. இந்த நகர்வை அதன் முகம் பார்த்துப் பழகிய யாரும் கவனிப்பதில்லை.

இதில் விசையின் அளவு வியக்கத்தக்க அளவுக்குச் சிறியது. பருப்பு வடையை மெல்லும்போது பல்லின்மேல் விழும் பளு பல கிலோ. ஆனால் அது ஒரு நொடிக்கும் குறைவாகவே நிற்கிறது, பல் அசைவதில்லை. சீரமைப்புக் கம்பியோ சில பத்து கிராம் அளவில் மட்டுமே அழுத்துகிறது. விடாமல் அழுத்துவதால் எலும்பு ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் படிய, பல் நகர்ந்துவிடுகிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்ற பழமொழி எலும்புக்கும் பொருந்தும், ஊர்வது நிற்காமல் இருந்தால் மட்டும். பல்சீரமைப்புத் துறையின் பாடநூலாசிரியர் வில்லியம் பிராஃபிட் இதை ஒரு சமநிலைக் கணக்காக விளக்கினார்: எவ்வளவு பலமாக என்பதைவிட எவ்வளவு நேரம் என்பதே பல்லின் இடத்தைத் தீர்மானிக்கிறது, நாளுக்குச் சுமார் ஆறு மணி நேரம் என்பதே வாசல்படி. அதற்குக் குறைவான அழுத்தத்தை, அது எத்தனை வலுவாக இருந்தாலும், எலும்பு பொருட்படுத்துவதில்லை. நாவை நீட்டி விழுங்குவதால்தான் பல் முன்னால் வருகிறது என்ற பழைய குற்றச்சாட்டு விழுந்ததும் இந்தக் கணக்கில்தான். ஒரு நாளில் ஆயிரம் தடவை விழுங்கினாலும், தடவைக்கு ஒரு நொடி வைத்தால், கால் மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். உண்மையில் முன்னால் இடைவெளி விழுந்தபின் அதை அடைக்கவே நாக்கு அங்கே போகிறது. விரல் நின்ற பிறகும் ஓய்வு நேரத்தில் நாக்கு அந்த வாசலிலேயே உட்கார்ந்து பழகிவிட்டால், இடைவெளி மூடாமல் நிலைக்க அதுவும் காரணமாகிறது.

இந்த ஆறு மணி நேரத்தை ஒரு குழந்தையின் நாளில் எங்கே வைப்பது என்று யோசித்தால் வீட்டுக் கோபத்தின் முகவரி தவறு என்பது தெரிகிறது. பகலில் விரல் வாயில் இருக்கும் நேரம் துண்டு துண்டானது. விருந்தாளி வந்தபோது ஐந்து நிமிடம், டிவி முன்னால் அரை மணி, வேனில் பள்ளிக்கூடம் போகும்போது கொஞ்சம். நடுவே பேச வேண்டியிருக்கிறது, தின்ன வேண்டியிருக்கிறது, பந்தைப் பிடிக்கக் கை வேண்டியிருக்கிறது. திட்டு விழுவதும் அடி விழுவதும் இந்தத் துண்டுகளுக்குத்தான், ஏனென்றால் நாலு பேர் பார்ப்பது இவற்றை. எலும்பை வளைக்கும் நேரம் இரவில் இருக்கிறது. விளக்கு அணைந்து, கதை முடிந்து, விசிறியின் ஓசையில் மூச்சு சீராகி, குழந்தை சூப்புவதைக்கூட நிறுத்திவிட்ட பின்னும் விரல் மட்டும் அண்ணத்தில் சாய்ந்து கிடக்கும் மணிகள் அவை. பல குழந்தைகளுக்கு ஆழ்ந்த தூக்கத்தில் விரல் தானாக வழுக்கி வெளியே வந்துவிடுகிறது. வராத குழந்தைகளின் பற்களே மருத்துவரிடம் வந்து சேர்கின்றன. ஆகவே இரண்டு குழந்தைகள் பார்வைக்கு ஒரே அளவு விரல் சூப்பலாம். ஒன்றின் பல்வரிசை ஒழுங்காகவும் மற்றதன் பல்வரிசை திறந்தும் இருப்பதற்கான காரணம் யாரும் விழித்திராத நேரத்தில் இருக்கிறது. பகலில் வெட்கப்படுத்தப்பட்ட குழந்தை பகல் விரலை விட்டுவிடுவதும், அந்த இழப்பை இரவில் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதும் நடக்கக்கூடியதே. அப்போது வீடு வெற்றி பெற்றதாக எண்ணிக்கொள்கிறது, பல் நகர்ந்துகொண்டிருக்கிறது. அனுபவமுள்ள குழந்தைப் பல்மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லும் முன் கையை வாங்கிப் பார்க்கிறார். மற்ற விரல்களில் கிரேயான் சாயமும் மண்ணும் ஒட்டியிருக்க, ஒன்று மட்டும் துடைத்துவைத்ததுபோல் வெளுத்து, ஊறிச் சுருங்கி, நகம் குட்டையாக, கணுவின்மேல் காய்த்துப்போயிருக்கும். அதற்கடுத்து அவர் கேட்பது தூங்கிய பின்னும் விரல் உள்ளேயே இருக்கிறதா என்பது. இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் உடனே பதில் கிடைப்பதில்லை. ‘நாங்களும் தூங்கிடுவோமே டாக்டர்’ என்பதே பதில்.

எல்லாத் தூக்குப்பல்லுக்கும் விரல் பொறுப்பில்லை. தாடையின் நீளம், முகத்தின் உயரம், பல்லின் அகலம் எல்லாம் தாய்தந்தையிடமிருந்து வருபவை. தாத்தாவின் எத்துப்பல்லைப் பெற்ற பேரன் விரலும் சூப்பினால் பழி விரலுக்குப் போகிறது. விரலுக்கு விழும் பழி வழக்கம்போல் தாய்க்கும் விழுகிறது. இயல்பாகவே முகம் நீண்டு வளரும் குழந்தைக்கு விரலால் வரும் இடைவெளி கூடுதலாக நிலைக்கிறது என்பதும் உண்டு. அந்த இடைவெளியை வீடு தாமதமாகவே கண்டுபிடிப்பதற்குச் சாப்பாட்டு முறையும் உதவுகிறது என்று சொல்ல வேண்டும். முன்பல்லின் வேலை வெட்டுவது. இட்லியையும் தோசையையும் விரல்கள் பிய்த்துவிடுகின்றன, சோறு பிசைந்தே வாய்க்குப் போகிறது; முன்பல்லுக்குப் பெரிதாக வேலையில்லை. கொய்யாக்காயையோ முறுக்கையோ தலையைச் சாய்த்துக் கடைவாயால் குழந்தை கடிப்பதைப் பார்த்தால்தான் ஏதோ தெரியும். பெரும்பாலும் பள்ளியில் எடுத்த குழுப்படம் வந்தபின்தான் தெரிகிறது. அப்போது எழும் கலக்கம் பெண் குழந்தை என்றால் கல்யாணம் வரை ஓடுகிறது. அதே பல்லோடு இருக்கும் அண்ணனை யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போவதில்லை. அழகைப் பற்றிய இந்தப் பேச்சில் அழகைவிட முக்கியமான ஒன்று காணாமல் போகிறது: துருத்திய மேல் முன்பற்களை உதடு மூடிக் காப்பதில்லை. மேல்வரிசை கீழ்வரிசையைவிட 3 மில்லிமீட்டருக்கு மேல் முன்னே நின்றால், விழுந்தோ மோதியோ முன்பல் அடிபடும் ஆபத்து ஏறத்தாழ இருமடங்காகிறது. சைக்கிளிலிருந்து விழும் வயதில், புதிதாக முளைத்த நிலையான பல்லுக்கு வரும் ஆபத்து அது. ஸகர ஒலி கசிந்து வருவதும் உண்டு, ஆனால் நாக்கு பெரும்பாலும் ஏதாவது வழி கண்டுபிடித்துச் சமாளித்துவிடுகிறது.

காலம் இன்னொரு வகையிலும் இங்கே முக்கியம். இருபது பால் பற்களும் முளைத்து முடிய இரண்டரை, மூன்று வயதாகும். ஆறு வயதையொட்டி முதல் நிலையான கடைவாய்ப் பல்லும் கீழ் முன்பற்களும், ஏழு எட்டில் மேல் நடு முன்பற்களும் வருகின்றன. பெரும்பாலான குழந்தைகள் இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் விரலைத் தாமாகவே விட்டுவிடுகின்றன. விட்டதற்கான நாளை யாராலும் நினைவுகூர முடிவதில்லை. நிலையான முன்பற்கள் வரும் முன் விட்டால், முன்னால் திறந்த இடைவெளி உதட்டின் அழுத்தத்திலும் பல்லின் இயல்பான எழுச்சியிலும் பெரும்பாலும் மூடிக்கொள்கிறது. மேல்தாடைக் குறுகல் அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை. இப்படிப் பார்த்தால் ஒன்றரை வயதுக் குழந்தையின் விரலில் வேப்பெண்ணெய் தடவுவது மிகவும் சீக்கிரம்; எட்டு வயதுக்காரனைப் பார்த்து ‘வளர்ந்தா சரியாயிடும்’ என்பது மிகவும் தாமதம். வீடுகளில் இந்த இரண்டும்தான் அதிகம் நடக்கின்றன. கைக்குழந்தையிடம் கண்டிப்பு, பின்பு அலுத்துப்போன பெற்றோரின் விட்டுக்கொடுத்தல். மூன்று வயதுக்குமேல் மென்மையாகப் பேசத் தொடங்கி, ஆறு வயதுக்குள் நிறுத்த உதவுவது என்பதே பல்மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் நடுவழி.

விரலோடு சேர்த்துப் பேசப்படும் வேறு சிலவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விரல் பல்லைச் சொத்தையாக்குவதில்லை. மேல் முன்பற்கள் வரிசையாகப் பழுப்பேறிக் கரைவது இரவில் பால்புட்டியை வாயில் வைத்துத் தூங்குவதால் வருவது. நாக்கு மறைத்திருப்பதால் கீழ் முன்பற்கள் தப்பிவிடுகின்றன. ரப்பர் நிப்பிளைத் தேனில் தோய்த்துக் கொடுத்தாலும் அதுவே கதி. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் பாட்டுலிசம் என்ற நச்சுநோயையும் கொண்டுவரலாம், பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கமுள்ள ஊர்களில் இது நினைவிருக்க வேண்டும். நிப்பிள் விரலைவிட நல்லதா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. நிப்பிளைத் தூக்கி எறிய முடியும், விரலை முடியாது. அதனால் நிப்பிள் பழக்கம் சீக்கிரம் நிற்கிறது. ஆனால் கடைவாய்ப் பக்கம் தாடை குறுகுவது நிப்பிளில் அதிகம், முன்பல் துருத்துவது விரலில் அதிகம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2005இல், உறக்கத்தில் நேரும் திடீர்க் குழந்தை மரணத்தைக் குறைப்பதால் தூங்கும்போது நிப்பிள் தரலாம் என்றது. தாய்ப்பாலுக்குக் குறுக்கே வரும் என்ற அச்சத்தில் உலக சுகாதார நிறுவனம் நெடுநாள் அதைத் தள்ளியே வைத்திருந்தது. அழுக்கு விரலுக்குச் சாதகமான எதிர்பாராத செய்தியும் ஒன்று உண்டு. நியூசிலாந்தின் டனீடனில் 1972-73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், விரல் சூப்புதலோ நகம் கடித்தலோ இருந்த குழந்தைகளில் 13 வயதில் தோல் ஒவ்வாமைச் சோதனையில் பிடிபட்டோர் 38 சதவீதம், இரண்டும் இல்லாதவர்களில் 49. ஆஸ்துமாவிலோ தூசித் தும்மலிலோ வேறுபாடு தெரியவில்லை. பெற்றோருக்கு எந்த அறிவுரையையும் தராத ஆய்வு இது, அதனாலேயே சுவையானது.

நிறுத்தும் வழிகளில் கசப்பு மிகப் பழையது. மருந்துக் கடைகளில் கசப்புத் திரவம் சிறு குப்பிகளில் விற்கிறது. வேம்பின் வேலையையே அதுவும் செய்கிறது. குழந்தை சம்மதித்து, ‘மறந்து வாய்க்குப் போனா ஞாபகப்படுத்தட்டும்’ என்று தானே தடவிக்கொள்ளும்போது அது பயன்படுகிறது. தண்டனையாகத் தடவினால் கசப்பை நக்கித் தீர்த்துவிட்டுத் தொடரும் பிடிவாதம் பிறக்கிறது. நைட் டன்லப் என்ற உளவியலாளரின் யோசனை வேடிக்கையானது: கண்ணாடி முன் உட்கார்த்திவைத்து, சூப்பு என்று கட்டளையிட்டு, பழக்கத்தை வேலையாக்கிவிடுவது. 1980இல் உளவியலாளர் நேதன் அஸ்ரின் குழுவினர் வேறு வழி கண்டார்கள். விரல் மேலெழும் தருணத்தைக் குழந்தையே அடையாளம் காணப் பழக்கி, அப்போது கையை மூடி இறுக்கிப் பிடிக்கவோ வேறெதையாவது பற்றிக்கொள்ளவோ கற்றுத் தருவது. இவையெல்லாம் பகலுக்கானவை. இரவுக்கு முழங்கையில் மீள்துணிப் பட்டையைத் தளர்வாகச் சுற்றுகிறார்கள். கை மடங்கி வாய்க்கு வந்தாலும், தூக்கத்தில் தசை தளர்ந்ததும் பட்டையின் இழுவை விரலை வெளியே கொண்டுவருகிறது. இரவை எந்தக் கோபமும் இன்றிக் கவனிக்கும் முறை இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட திறனாய்வு இத்துறையில் தகுதியான ஆறு ஆய்வுகளையே கண்டது. 252 குழந்தைகள், அவ்வளவுதான். பாராட்டு, பரிசு, ஊக்கம் தருவதும், வாயில் கருவி பொருத்துவதும் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மேல் என்றது, சான்றின் தரம் குறைவு என்ற எச்சரிக்கையோடு. உலகெங்கும் இத்தனை நூற்றாண்டுகளாகத் தடவப்பட்ட கசப்புக்குப் பின்னால் இருக்கும் சான்று இவ்வளவே.

குழந்தைக்கும் விட விருப்பம் வந்து, முடியாமல் தவிக்கும்போதுதான் கருவிக்கு இடம். பின்பற்களில் வளையம் மாட்டி, முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தை மறைத்து நிற்கும் கம்பிவேலி விரல் பதிய இடம் தராது. சூப்புவதில் இருந்த சுகம் போய்விடுகிறது. முதல் சில நாட்கள் எச்சில் வழியும், பேச்சு குழறும், சோறு சிக்கும். கூர்முனை வைத்த பழைய கம்பிகள் வழக்கொழிந்து வருகின்றன, அது நல்லதே. ப்ரூஸ் ஹாஸ்கெல் 1991இல் அறிமுகப்படுத்திய ‘ப்ளூகிராஸ்’ கருவியில் அண்ணத்தின் குறுக்கே உருளும் சிறு மணி இருக்கும். நாக்கு அதை உருட்டி விளையாடும். பறித்துக்கொண்டதற்கு ஈடாக ஏதோ ஒன்றைத் தரும் கருவி இது. பழக்கம் நின்றபின்னும் கருவியைச் சில மாதங்கள், பெரும்பாலும் ஆறு மாதம்வரை, அப்படியே விட்டுவைக்கிறார்கள். உடனே எடுத்தால் விரல் திரும்பி வருகிறது. குறுகிய மேல்தாடையை விரிக்கத் தனிக் கம்பி உண்டு, வளரும் வயதில் அது எளிதாக வேலை செய்கிறது. நிலையான பற்கள் வந்தபின் கம்பி போட வேண்டியிருக்கலாம். தாடை வளர்ச்சியே திசைமாறியிருந்தால் வளர்ச்சி முடிந்தபின் அறுவை சிகிச்சை. முன்னால் திறந்த பல்வரிசை மூடியபின்னும் மீண்டும் திறக்கும் இயல்புடையது என்பதால் நீண்ட காலம் காப்புக்கருவி அணியச் சொல்கிறார்கள். வேலைக்குப் போய், குடும்பம் நடத்தி, இரவில் மட்டும் விரலை விடாதவர்கள் உண்டு, அதை அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை. எனவே சீரமைப்புக்கு வரும் பெரியவர்களிடமும், அருகில் யாரும் இல்லாதபோது, தூக்கத்தைப் பற்றிய அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. ஆம் என்றால் விரல் நின்று சில மாதங்கள் ஆகும்வரை கம்பி வேலை தள்ளிவைக்கப்படுகிறது.